மறு: ஃபிளாஷ்பேக்குக்குத் தமிழ்ல என்ன? ஒரு சொல்லா, ரெண்டு சொல்லா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஆரக்கிள் டேட்டாபேஸ்ல, டேட்டாவோட பழைய நிலையைப் பார்க்கவோ அந்த நிலைக்கே திரும்பவோ உதவற ஃபிளாஷ்பேக் வசதிக்கு நம்ம கையேட்டுல என்ன தமிழ்ப் பேர் வைக்கிறதுங்கிற இழை நீண்டுக்கிட்டே போகுது, படிச்சுட்டு சும்மா இருக்க முடியல, அதான் எழுதறேன். இதுவரைக்கும் வந்திருக்கிற சொல்லு: பின்னோக்கல், மீள்காட்சி, காலப்பயணம், நனவோடை, மீட்டெடுப்பு. எல்லாமே நல்ல தமிழ்தான். ஆனா அந்த வசதி உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு யாரும் சொல்லு தேடின மாதிரி தெரியல (கோவிச்சுக்காதீங்க).

முதல்ல நனவோடையை விட்டுடலாம். அது இலக்கியத்துல வேற உத்தி, பாத்திரத்தோட மனசுல எண்ணம் ஓடறதை ஓடுற மாதிரியே எழுதறது, பழைய காலத்துக்குப் போகணும்னு அதுல கட்டாயமே இல்ல. காலப்பயணம் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்க வேற ஆளுங்க. போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்துல வளர்ந்த காலத்துல டைம் டிராவல்னே ஒண்ணு வச்சிருந்தாங்க, பழைய பதிவு மேலயே எழுதாம புதுசைத் தனியா எழுதி வைக்கிறதால பழசையும் கேட்டு வாங்கலாம், அப்புறம் 6.2 பதிப்புல அதைத் தூக்கிட்டாங்க. இப்ப ஸ்னோஃப்ளேக்ங்கிற டேட்டாபேஸ்காரங்க அதே பேரை வச்சிருக்காங்க, சாதாரணமா 1 நாள், மேல்நிலைத் திட்டத்துல 90 நாள் வரைக்கும் பின்னாடி போகலாம். அதையெல்லாம் தமிழ்ப்படுத்தறப்ப காலப்பயணம் தேவைப்படும், இப்பவே எடுத்துச் செலவு பண்ணிட வேணாம்.

மீட்டெடுப்பு ஏற்கனவே ரெக்கவரிக்குக் குடுத்தாச்சு. தவிர, பேக்கப்பை எடுத்து வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்து மீட்டெடுக்க வேணாம்னுதானே இந்த வசதியே வந்தது, அதுக்கே அந்தப் பேரை வச்சா எப்படி?

மிச்சம் இருக்கிறது பின்னோக்கலும் மீள்காட்சியும். ரெண்டுமே "பார்க்கிற" சொல்லு. எனக்கு இடிக்கிறது இங்கதான்.

ஒரு பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டவணைன்னு வச்சுக்குவோம். காலையில 11.40க்கு ஒருத்தர் ஒரே ஒரு பையனோட மார்க்கைத் திருத்த வர்றாரு, அப்டேட்டுல வேர் கண்டிஷனை விட்டுட்டாரு (ஆணிவேர் இல்லீங்க, எந்தப் பதிவை மாத்தணும்னு சொல்ற எஸ்கியூஎல் வேர்). "1 பதிவு மாறியது"ன்னு வர வேண்டிய இடத்துல "842 பதிவு மாறியது"ன்னு வருது, அதைப் பார்க்காமலே கமிட் அடிச்சு மாத்தினதை உறுதியாக்கியாச்சு. பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் கணக்குல 67. கமிட்டுக்கு அப்புறம், மாத்தினதைத் திரும்ப எடுக்கிற ரோல்பேக் ஒண்ணுக்கும் ஆகாது.

ஆரக்கிள் 9ஐ-ல, 2001ல, ஃபிளாஷ்பேக் முதல்முதல்ல வந்தது இதுக்குத்தான். 9ஐ-யோட ரெண்டாவது வெளியீட்டுல டேட்டாவைக் கேக்கிற செலக்ட் கட்டளைக்குள்ளயே "ஆஸ் ஆஃப் டைம்ஸ்டாம்ப்"னு போட்டு 11.35க்கு இந்த அட்டவணை எப்படி இருந்ததுன்னு கேக்கலாம், அது அன்டூ இடத்துல கிடக்கிற பழைய பிரதியை வச்சுக் காட்டும். காட்டும், அவ்ளோதான். அட்டவணையில இப்பவும் எல்லாருக்கும் 67தான், நீங்களா அந்தப் பழைய மார்க்கை எடுத்துத் திரும்ப எழுதினாத்தான் உண்டு. சினிமா ஃபிளாஷ்பேக்கும் இதேதானே, ஹீரோவுக்கு சின்ன வயசு ஞாபகம் வருது, படத்துல இன்னைக்கு நடக்கிறது எதுவும் அதால மாறிடாது. இந்த வேலைக்குப் பின்னோக்கல் கச்சிதமாப் பொருந்துது, இதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல, "பின்னோக்கு வினவல்"னு தாராளமா வச்சுக்கலாம்.

ஆனா 10ஜி-ல அதே பேரை எடுத்து எல்லாத்துக்கும் ஒட்டிட்டாங்க. ஃபிளாஷ்பேக் டேபிள்னா அட்டவணையையே 11.35க்குக் கொண்டு போயிடும். அதுக்கு அட்டவணையில "ரோ மூவ்மென்ட்"டை இயக்கி வச்சிருக்கணும், ஏன்னா பதிவுகளை அழிச்சு மறுபடி சேர்க்கிறப்ப ஒவ்வொண்ணோட ரோஐடியும் (பதிவு இருக்கிற இடத்தோட முகவரி) மாறிடலாம். 11.35க்கு அப்புறம் வேற யாராவது ஒழுங்கா போட்ட மார்க்கு இருந்தா அதுவும் சேர்ந்து போயிடும்! இதைப் போயி "பின்னோக்கல்"னு சொன்னா படிக்கிறவன் என்ன நினைப்பான், சும்மா எட்டிப் பார்க்கிறோம்னு நினைச்சு ஓட்டிருவான். ஓட்டினதை ரோல்பேக்கும் பண்ண முடியாது. முன்னாடியே எஸ்சிஎன் நம்பரை (எந்த நேரத்து நிலைன்னு காட்டுற டேட்டாபேஸோட உள் எண்) குறிச்சு வச்சிருந்தா இன்னொரு ஃபிளாஷ்பேக் போட்டு வந்த இடத்துக்கே திரும்பலாம், அவ்வளவுதான்.

ஃபிளாஷ்பேக் டேட்டாபேஸ் இன்னும் பெருசு. இது அன்டூவை வச்சு நடக்கிறதில்ல, தனியா ஃபிளாஷ்பேக் லாக்னு ஒண்ணு எழுதிக்கிட்டே இருக்கணும், அதை எழுதறதுக்குன்னே ஆர்விடபிள்யூஆர்னு ஒரு பின்னணி புராசஸ், தவிர, மாத்தறதை எல்லாம் வரிசையா எழுதற ரீடூ லாக்கைச் சேர்த்து வைக்கிற ஆர்க்கைவ்லாக் முறையில டேட்டாபேஸ் ஓடணும். வேலை நடக்கிற விதம் வேடிக்கையா இருக்கும்: லாக்ல இருக்கிற பழைய பிளாக்கை (டேட்டாத் துண்டை) எல்லாம் போட்டு, கேட்ட நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் போயிடும், அப்புறம் ரீடூ லாக்கை வச்சு முன்னாடி ஓட்டிக் கரெக்டா அந்த நொடிக்கு வந்து நிக்கும். கேசட்டுல பாட்டோட தொடக்கத்தைப் பிடிக்க ரீவைண்ட் பண்ணா கொஞ்சம் தாண்டிப் போயி முந்தின பாட்டோட வால் கேக்குமே, அப்படியே ஓட விட்டுப் பிடிப்போமே, அதே கதை. கடைசியா ரீசெட்லாக்ஸ் போட்டுத் திறக்கணும், அதுக்கப்புறம் லாக் வரிசையே புதுசா ஆரம்பிக்குது. இது பார்வை இல்லீங்க, மொத்த வண்டியையும் திருப்பறது.

அதனால நான் சொல்ற சொல்லு: பின்திருப்பு. பின்திருப்பல், பின்திருப்பினார், பின்திருப்ப முடியாத அட்டவணை, எப்படி மடக்கினாலும் வருது. பின்திரும்புன்னு வைக்கக் கூடாது, அட்டவணை தானா திரும்பறதில்ல, ஒருத்தர் திருப்பறாரு, பொறுப்பு யாருதுன்னு வினையிலயே தெரியணும். புணர்ச்சிப்படி பின்றிருப்புன்னு வரணும்னு யாராவது எழுதுவீங்க, தெரியும், ஆனா பின்தொடர்றதை இப்ப யாரும் பின்றொடர்றதுன்னு எழுதறதில்ல, விட்டுருவோம்.

> ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்பதுதானே கலைச்சொல்லாக்கத்தின் அடிப்படை. இரண்டாகப் பிரித்தால் தேடுபவர் குழம்புவார்.

இழையில இப்படி எழுதின ஐயா, உங்க வாதம் எனக்குப் புரியுது, பொதுவா நானும் அந்தக் கட்சிதான். ஆனா இது கருத்துக்கு வச்ச பேர் இல்ல, கடைக்கு வச்ச பேர். விக்கிறவங்க ஒரே பலகையில எல்லாத்தையும் எழுதிட்டாங்கங்கிறதுக்காக நாமளும் அதே குழப்பத்தைத் தமிழ்ல சுமக்கணுமா? குடும்பப் பேரா "ஃபிளாஷ்பேக்"னு தமிழ் எழுத்துலயே அத்தியாயத் தலைப்புல இருக்கட்டும், தேடறவங்களுக்கு அது கிடைக்கும். உள்ள போனதும் பார்க்கிறது பின்னோக்கு, மாத்தறது பின்திருப்பு. 11.45க்கு ஹெட்மாஸ்டர் பக்கத்துல நிக்க, கை நடுங்க உக்காந்திருக்கிறவருக்கு எந்தப் பட்டன் டேட்டாவைத் தொடும், எது தொடாதுன்னு பேரைப் பார்த்தே தெரிஞ்சா போதும், வேற எதுவும் நான் கேக்கல.

அதோட இது ஆரக்கிளுக்கு மட்டுமான சங்கதியும் இல்ல. மரியாடிபிங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல 10.2.4 பதிப்புல இருந்து மைஎஸ்கியூஎல்பின்லாக் கருவியில ஃபிளாஷ்பேக்னு ஒரு விருப்பத்தேர்வு குடுத்திருக்காங்க, அது பின்லாக்கை (நடந்த மாத்தங்களை எழுதி வைக்கிற கோப்பு) கடைசியில இருந்து படிச்சு இன்சர்ட்டை டெலீட்டாவும் டெலீட்டை இன்சர்ட்டாவும் மாத்தும், அப்டேட்டுல பழைய மதிப்பையும் புது மதிப்பையும் இடம் மாத்திப் போடும் (பின்லாக் ரோ வடிவத்துல, முழுப் பதிவோட இருக்கணும்). இதுல பார்க்கிறதுக்கே ஒண்ணும் இல்ல, முழுக்க முழுக்கப் பின்திருப்பல். பின்னோக்கல்னு மட்டும் வச்சிருந்தா இங்க வந்து மாட்டியிருப்போம்.

ஃபிளாஷ்பேக் டிராப்பை ரெண்டுலயும் சேர்க்க வேணாம். டிராப் பண்ண, அதாவது அழிச்ச, அட்டவணை நிஜமா எங்கயும் போகல, பேர் மட்டும் மாறி மறுசுழற்சித் தொட்டியில கிடக்குது, அதை வெளிய எடுக்கிறோம். "தொட்டியிலிருந்து மீட்டல்"னு சொன்னா போதும். (அந்த மாத்தின பேரு பின்னுன்னு மூணு இங்கிலீஷ் எழுத்துல ஆரம்பிச்சு டாலர் குறி வரும், அவங்களுக்குக் குப்பைத்தொட்டி, நமக்குப் பின்னால வந்த பின்!) மீட்ட பிறகு, தேட உதவற இன்டெக்ஸுங்களோட பேரு அந்தக் கன்றாவிப் பேராவே இருக்கும், மத்த அட்டவணையைச் சுட்டுற ஃபாரின் கீ திரும்ப வராது, கையேட்டுல இதைக் கொட்டை எழுத்துல போடணும்.

அடுத்தது யூசர் எரர். "பயனர் பிழை"ன்னு எழுதியிருக்கீங்க, பிழைங்கிறது எரர் மெசேஜுக்கும் பக்குக்கும் ஏற்கனவே ஓடுது. நம்ம வாயில இருக்கிறது கைத்தவறு. டேட்டாபேஸைப் பொறுத்தவரைக்கும் அப்டேட் சரியா ஓடிச்சு, பிழையே நடக்கல, தவறினது கை. ஆனா எல்லாக் கைத்தவறுக்கும் இது மருந்து இல்ல. 2017 ஜனவரி 31ல, நிரல் சேமிச்சு வைக்கிற தளமான கிட்லேப்ல டேட்டா டைரக்டரியையே தப்பான சர்வர்ல அழிச்சுட்டாங்களே, அதுவும் கைத்தவறுதான், ஆனா கோப்பே போனா அன்டூவும் சேர்ந்து போச்சு, பின்திருப்ப ஒண்ணும் மிஞ்சாது. 6 மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்து வச்ச ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால தப்பிச்சாங்க, நடுவுல உள்ளது போனது போனதுதான். அதனால விளக்கத்துல "கைத்தவறிலிருந்து மீள"ன்னு மொட்டையா எழுதாம "அட்டவணைத் தரவில் நேர்ந்த கைத்தவறிலிருந்து"ன்னு எழுதுவோம்.

அட்டவணையை ஒரேயடியா காலி பண்ற ட்ரங்கேட் கட்டளையைப் பத்தியும் அதே இடத்துல ஒரு வரி சேர்க்கணும். பின்னோக்கு வினவலும் சரி, அட்டவணைப் பின்திருப்பும் சரி, ட்ரங்கேட்டைத் தாண்டிப் பின்னாடி போகாது, மொத்த டேட்டாபேஸையும் பின்திருப்பினாத்தான் உண்டு. பழைய பிரதியை எவ்வளவு நேரம் வச்சிருக்கிறதுங்கிற அன்டூ ரிட்டென்ஷனும் எல்லாரும் கோட்டை விடற இடம், ஆரக்கிள்ல சொல்லாம விட்டா 900 விநாடி, அதாவது 15 நிமிஷம். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்க்கலாம்னு போனவங்களுக்கு 1555ங்கிற எரர் வந்து நிக்கும், ஸ்னாப்ஷாட் டூ ஓல்டுன்னு. இதுக்கு "அன்டூ தக்கவைப்புக் காலம்"னு போட்டிருக்கேன், அன்டூவுக்குச் செயல்தவிர்ப்புன்னு போட்டா பேரு ரயில் மாதிரி நீளுது, குறைக்க வழி இருந்தா சொல்லுங்க.

கடைசியா எனக்கே பிடி கிடைக்காதது ரிஸ்டோர் பாயிண்ட், அதாவது திரும்பி வர முன்கூட்டியே பேர் வச்சுக் குறிக்கிற இடம். மீட்புப் புள்ளின்னு விட்டுடலாம், ஆனா இதுல ரெண்டு வகை. சாதாரணமானது ஒரு எஸ்சிஎன்னுக்கு வச்ச பேரு மட்டும்தான், லாக் அழிஞ்சுட்டா பேரு இருந்தும் அங்க போக முடியாது. கேரண்டீட் வகை லாக்கை அழிக்கவே விடாது, இடம் நிரம்பிட்டா டேட்டாபேஸே நின்னுடும், மறந்து போயி விட்டு வச்சா பெரிய ஆபத்து. "உறுதி மீட்புப் புள்ளி"ன்னா ஏதோ நல்ல விஷயம் மாதிரி மட்டும் தெரியுது, அந்த ஆபத்து பேர்ல தெரியல. திருப்புமுனைன்னு ஒரு தம்பி தனி மடல்ல எழுதியிருந்தார், அழகா இருக்கு, ஆனா அது கதைக்காரங்க சொத்து. அப்கிரேடுக்கு முந்தின ராத்திரி இதைப் போட்டுட்டு எடுக்க மறந்த டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) யாராவது இங்க இருந்தா நீங்களே பேர் வைங்க, ஒத்துக்கறேன்.