41 வயதில் மாதவிலக்கு நின்றுவிட்டது. ஹார்மோன் மாத்திரை ஆரம்பிக்கலாமா?

எடைப்பாலம் (சுங்கை சிப்புட்) எழுதியது:

வணக்கம். எனக்கு 41 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைப்பாலத்தில் கிராணி வேலை. குலை ஏற்றிய லாரி வந்து நிற்கும், எடை பார்த்து டிக்கெட் அடித்துக் கொடுக்க வேண்டும். சின்ன அறை, ஏர்கான் ஓயாமல் ஓடும். கூட வேலை பார்க்கும் பெண் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடுங்குவாள். எனக்கோ நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது என்று ஏறும். முடி வேரெல்லாம் நனைந்து, டிக்கெட்டை நீட்டும்போது அதன் மேல் வியர்வை சொட்டும். ஒரு லாரிக்காரத் தம்பி, "என்னக்கா, காய்ச்சலோட வேலைக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டான். அவனிடம் என்ன சொல்ல? கொஞ்ச நேரத்தில் வியர்வை ஆறிப்போய்க் குளிரெடுக்கும். அப்புறம் நானும் ஜாக்கெட்டைத் தேடுவேன்.

ராத்திரி இன்னும் மோசம். மெத்தை விரிப்பு நனைந்து எழுந்தால் திரும்பத் தூக்கம் வராது. காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுக்கின்றன, மாவு கரைக்கவே எரிச்சலாக இருக்கிறது. தாம்பத்தியமும் வலியாகிவிட்டது. இதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை, இங்கே முகம் தெரியாததால் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு முன்பே மாதவிலக்கு தாறுமாறானது. அப்புறம் அடியோடு நின்றது. பிள்ளையோ என்று முதலில் பயந்தேன், இல்லை. இங்கே ஒரு கிளினிக்கில், "வேலை அழுத்தம், நாலு நாள் கேமரன் மலைக்குப் போய்விட்டு வாருங்கள்" என்றார்கள். போயும் வந்தேன். அங்கேயும் வியர்த்தது! கடைசியில் ஈப்போவில் ஒரு பெண் டாக்டர்தான் தைராய்டு பார்த்து, எஃப்.எஸ்.எச். என்ற, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைச் சில வார இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, முன்கூட்டியே வந்த மாதவிடாய் நிறைவு என்று சொன்னார்.

ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அட்டையில் 28 மாத்திரை, இரண்டு நிறம். முதல் 14 ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மட்டும், அடுத்த 14-ல் அதோடு புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்திருக்கிறதாம். வாங்கி வந்து சாமி மேடைக்குக் கீழே இழுப்பறையில் வைத்ததோடு சரி, இன்னும் பிரிக்கவில்லை.

காரணம், நாத்தனார். "ஹார்மோன் சாப்பிட்டா மார்புல புற்றுநோய் வரும், எல்லாருக்கும் தெரியும்" என்கிறார். என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, 65 வயதுக்கு மேல் அது வந்தது. அதனால் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவோ வேறு மாதிரி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை. "எங்களுக்கெல்லாம் நிக்கலையா? மாத்திரையா தின்னோம்? போனதை ஏன் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுறே?" என்று கேட்கிறார். இதைச் சாப்பிட்டால் மாதவிலக்கு திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னதைத் தெரியாமல் அவரிடம் உளறிவிட்டேன். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலில் வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவள் நான், அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

சாப்பிட்டவர்கள் யாராவது சொல்லுங்கள். புற்றுநோய் பயம் உண்மையா? எத்தனை வருஷம் சாப்பிட வேண்டியிருக்கும்?

பகாவ் அக்கா எழுதியது:

தங்கச்சி, எனக்கு 38-லேயே நின்றுவிட்டது. நானும் உன்னை மாதிரிதான் பயந்தேன், ஆனால் தூக்கமில்லாமல் பைத்தியம் பிடிக்கிற நிலைக்கு வந்ததால் ஆரம்பித்துவிட்டேன். இப்போது வருஷக்கணக்காகிறது.

சூடு ஏறுவது சில வாரத்திலேயே தணிந்தது. தூக்கம் அதோடு சேர்ந்து வந்தது. மூட்டு வலி மட்டும் மெதுவாகத்தான் விட்டது, பொறுமையாக இரு. ஆரம்பத்தில் மார்பு கனத்துக்கொண்டு தொட்டாலே வலிக்கும், வயிறு உப்பும், நடுவில் திட்டுத் திட்டாக இரத்தம் படும். இதற்கெல்லாம் பயந்து பாதியில் நிறுத்தாதே. ஆறு மாதம் தாண்டியும் கண்ட நேரத்தில் பட்டால் டாக்டரிடம் போ.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அதனால் மாத்திரையை மாற்றிக் கையில் தடவும் ஜெல் கொடுத்தார்கள். குளித்துவிட்டுத் தோளில் தடவி, காய்ந்த பிறகு சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். தடவிய கையோடு பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது, கை கழுவ வேண்டும். கர்ப்பப்பை இருப்பதால், அதன் உட்சுவரைக் காக்க ஜெல்லோடு தனியாக புரோஜெஸ்டிரான் மாத்திரையும் சாப்பிடுகிறேன். பால்குடக் கவலையை விடு. இரண்டு நிற அட்டையில் பெரும்பாலும் அட்டை முடிகிற சமயத்தில்தான் வரும், தேதி உனக்கே பிடிபட்டுவிடும். கண்டபடி வந்து மானத்தை வாங்கிய காலத்தை விட இது மேல்.

இயற்கை வாழ்வு எழுதியது:

சகோதரி, இரசாயனத்தை உடம்பில் ஏற்றாதீர்கள். நம் பாட்டிகள் உளுந்தங்களி, எள்ளுருண்டை சாப்பிட்டே சமாளித்தார்கள். சோயாவில் இயற்கை ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரையால் புற்றுநோய் வரும் என்று அமெரிக்க ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது. மருந்துக் கம்பெனிகள் மறைக்கிறார்கள்.

தெலுக் இந்தான் மிஸ்ஸி எழுதியது:

நான் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மகளிர் வார்டில்தான் பாதி வாழ்க்கை போனது. இயற்கை வாழ்வு அவர்களே, அந்த அமெரிக்க ஆராய்ச்சியை யாரும் மறைக்கவில்லை. 2002-ல் அது வெளிவந்தபோது உலகம் பூராவும் பத்திரிகையில் வந்தது. பல பெண்கள் பயந்து ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினார்கள். ஆனால் அதில் யாரைச் சேர்த்திருந்தார்கள் என்று ஒருவரும் வாசிப்பதில்லை. 50 முதல் 79 வயது வரை, சராசரி 63. இயல்பான வயதில் நின்று, பல வருஷம் கழித்து ஹார்மோன் ஆரம்பித்தவர்களே அதிகம். அவர்களிடமும் இரண்டு ஹார்மோன் சேர்த்துச் சாப்பிட்ட குழுவில், வருஷத்துக்கு 10,000 பேரில் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்ட குழுவில் அந்தக் கூடுதலும் இல்லை.

எடைப்பாலம் அம்மா, இதை உங்கள் தலையில் அப்படியே கவிழ்க்கக் கூடாது. 63 வயதுக்காரருக்கு மாத்திரை என்பது உடம்பு விட்டுவிட்டதைக் கூடுதலாகக் கொடுப்பது. 41 வயதில் உங்கள் கூட்டாளிகளுக்கெல்லாம் சினைப்பை இன்னும் சுரந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குச் சுரக்கவில்லை, அதை ஈடு கட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் இயல்பாக நிற்கும் வயதான 50, 51 வரையாவது சாப்பிடச் சொல்வார்கள். அதன் பிறகு தொடர்வதா விடுவதா என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.

அத்தையின் விஷயத்தை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வயதான பிறகு ஒரே ஒரு அத்தைக்கு வந்தது என்பதற்காக மட்டும் மாத்திரை கூடாது என்று பொதுவாகச் சொல்வதில்லை. அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று நெருங்கிய உறவில் பலருக்கு, அதுவும் இளவயதில் வந்திருந்தால் பேச்சு வேறு. உங்களுக்கே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ, காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியிருந்தாலோ, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் இருந்தாலோ, காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தாலோ அதைச் சொல்லாமல் தொடங்கவே கூடாது. இரத்தம் கட்டும் ஆபத்து வாய்வழி ஈஸ்ட்ரோஜனில் கொஞ்சம் கூடும். ஜெல், ஒட்டும் பட்டை இரண்டிலும் அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை. உடல் எடை அதிகம் என்றால் அதையும் கேளுங்கள்.

உளுந்தங்களி நானும் கிண்டுவேன், நல்லெண்ணெய் ஊற்றினால் தேவாமிர்தம். சோயா சிலருக்குச் சூட்டைக் கொஞ்சம் குறைக்கலாம். எலும்புக்கு அது ஈடாகாது. நான் இவ்வளவு நீட்டி எழுதுவதே எலும்புக்காகத்தான். வியர்வை என்றைக்காவது தானாக நின்றுவிடும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத எலும்போ சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே இருக்கும், இருதயக் குழாயும் சீக்கிரம் முதுமை காணும். 41-ல் நின்றவருக்கு அது மற்றவர்களை விடப் பத்து வருஷம் முன்னாலேயே தொடங்குகிறது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா? உங்கள் அம்மா "எங்களுக்கெல்லாம் நிக்கலையா" என்றாரே, எத்தனை வயதில் நின்றது என்று கேட்டுப் பாருங்கள். எலும்பு ஏதாவது முறிந்ததா என்றும் கேளுங்கள். சீக்கிரம் நிற்பது சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுண்டு.

தாம்பத்திய வலிக்குத் தனி மருந்தே இருக்கிறது. பெண்ணுறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம், குறைந்த அளவுதான். மாத்திரையில் அது முழுசாகச் சரியாகவில்லையென்றால் சேர்த்துத் தருவார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், டாக்டர் இதையெல்லாம் தினமும் கேட்கிறவர். இன்னொன்று, இந்த மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்காது. இந்த வயதில் சினைப்பை எப்போதாவது ஒரு தடவை விழித்துக்கொண்டு ஆட்டம் காட்டும். பிள்ளை வேண்டாம் என்றால் அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

செலவுக்கு: நீங்கள் சம்பளத்துக்கு இருப்பவர், 40 தாண்டியாகிவிட்டது. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாதாரர்களுக்கான உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் உண்டு, உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்.பி.பி.கே.என். என்ற அரசு குடும்ப மேம்பாட்டு வாரியம் நடத்தும் கிளினிக் நூர் செஜாத்ராவில் மாதவிடாய் நிறைவுக்கென்றே ஆலோசனை தருகிறார்கள். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பதிந்து, பெரிய மருத்துவமனை நிபுணரிடம் அனுப்பச் சொல்லியும் கேட்கலாம்.

எடைப்பாலம் எழுதியது:

மிஸ்ஸி, அம்மாவிடம் கேட்டேன். வயது தெரியாது என்றார். "உன் தம்பி நாலாம் ஆண்டு படிக்கையில நின்னுச்சி, தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வரதுக்கு முந்தி" என்று சொன்னார். கணக்குப் போட்டால் 42 வருகிறது. சித்திக்கும் அதே வயதுதானாம். இத்தனை காலம் இந்தப் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

எலும்பு என்றதும் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஐம்பதைத்தான் தாண்டியிருந்தார். ரப்பர் பால் வாளி தூக்கித் தேய்ந்த உடம்பு என்று அப்போது எல்லோரும் சொன்னோம். இப்போது கூன் விழுந்து, சாமி மேடை விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஸ்டூல் போட்டு ஏறுகிறார். முன்பு தரையில் நின்றே ஊற்றுவார். அந்த ஸ்டூலை முதலில் ஒளித்து வைக்க வேண்டும். அம்மாவையும் ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறேன், என்னோடு சேர்த்தே பெயர் கொடுத்திருக்கிறேன்.

மிஸ்ஸி எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாத்தனாரிடம் நான் இன்னும் பேசவில்லை, அதை அம்மாவே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பாவம் நாத்தனார்.

அத்தை விஷயத்தை ஈப்போ டாக்டரிடம் போனில் சொன்னேன். மேமோகிராம் எடுத்துவிடுங்கள், மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்றார். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. அட்டையைப் பிரித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். குலை அதிகம் வரும் சீசனில் எனக்கு ஷிப்ட் மாறும், ராத்திரி வேலையும் வரும். மாத்திரையை எந்த நேரம் வைத்துக்கொள்வது? மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா?

தெலுக் இந்தான் மிஸ்ஸி எழுதியது:

இரண்டாகப் போடவே கூடாது. மறந்தது 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள். அதைத் தாண்டினால் அந்த மாத்திரையை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். நடுவில் கொஞ்சம் பட்டாலும் படும், பயப்பட வேண்டாம். எந்த நேரமானாலும் சரி, தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலையும் இல்லை. ஷிப்ட் மாறினாலும் நீங்கள் விழித்திருக்கும் ஒரு நேரமாகப் பாருங்கள், சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரம் சரியாக வரும். அட்டை முடிந்ததும் இடைவெளி விடாமல் மறுநாளே அடுத்த அட்டையைத் தொடங்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூன்று மாதம் கழித்து டாக்டரைப் பார்க்கும்போது ஸ்கேன் முடிவையும் எடுத்துப் போங்கள், அம்மாவுடையதையும் சேர்த்து.