அக்காவின் கிட்டார் கார்டும் என் கீபோர்டும் சேரமாட்டேங்குது, உதவுங்க

புதுவிரல்:
61 கட்டை கீபோர்டு வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. அக்கா கிட்டார் வாசிப்பா. அவ நோட்டுல எழுதி வச்சிருக்கிறது நாலே கார்டு (ஒண்ணா சேர்த்து வாசிக்கிற ஸ்வரக் கூட்டு): ஜி, ஈ மைனர், சி, டி. நானும் அதையேதான் பிடிக்கிறேன். தனியா வாசிச்சா நல்லாருக்கு, அவளோட சேர்ந்தா காது கூசுது. தந்தி எல்லாம் ட்யூனர்ல பார்த்தாச்சு, சரியாத்தான் இருக்கு. இன்னொரு சந்தேகம்: அவ ஆறு தந்தியையும் மீட்டுறா, நான் மூணு கட்டைதான் அமுக்குறேன். மீதி மூணு ஸ்வரம் எங்க போச்சு? இடது கையிலயும் அதே மூணைப் பிடிச்சா கொழகொழன்னு கேக்குது.

ஆறுதந்தி:
கிட்டார் கழுத்துல கிளிப் மாதிரி ஏதாவது மாட்டியிருக்காங்களா? எத்தனாவது ஃப்ரெட்டுல (கழுத்துல குறுக்குக் கம்பி பிரிக்கிற கட்டம்)?

புதுவிரல்:
ஆமா! மூணாவதுல.

ஆறுதந்தி:
அப்ப பிடிபட்டுச்சு. அது கேப்போ, எல்லாத் தந்தியையும் அமுக்கி ஸ்ருதியை ஏத்திரும். ஒரு ஃப்ரெட்டுன்னா கீபோர்டுல ஒரு கட்டை, கறுப்பையும் சேர்த்து எண்ணணும். அக்கா விரல் ஜி பிடிக்குது, காதுல விழுறது பி ஃபிளாட். நீங்க ஜி-யிலயே நிக்கிறீங்க. கீபோர்டுல ஸ்ருதியை ஏத்தி இறக்குற டிரான்ஸ்போஸ் பட்டன்ல +3 வச்சு, அதே ஜி, ஈ மைனர், சி, டி வாசிங்க. முடிச்சதும் மறக்காம 0 ஆக்கிடுங்க. பட்டன் இல்லாம வாசிக்கணும்னா பி ஃபிளாட், ஜி மைனர், ஈ ஃபிளாட், எஃப்.

கறுப்புவெள்ளை:
ஸ்வரம் எதுவும் காணாமப் போகல தம்பி. சாதாரண ஜி கார்டுல கனத்த தந்தியில இருந்து எண்ணுங்க: ஜி, பி, டி, ஜி, பி, ஜி. அதே மூணுதான் திரும்பத் திரும்ப வருது. கீழ்ஸ்தாயில மூணை நெருக்கி அமுக்கினா ஒண்ணோட ஒண்ணு மோதும், அதான் கொழகொழப்பு. இடது கைக்கு கார்டோட பேர்ல இருக்கிற ஒரே கட்டை போதும்.

வலது கையில ஜி-க்கு பி-டி-ஜி பிடிங்க. ஈ மைனருக்கு நடுவிரலை மட்டும் டி-யில இருந்து ஈ-க்கு நகர்த்துங்க: பி-ஈ-ஜி. அடுத்து பி-யை சி ஆக்கினா சி கார்டு வந்தாச்சு. டி-க்கு மட்டும் மூணு விரலும் கீழ இறங்கும்: ஏ-டி-எஃப் ஷார்ப். ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கி வச்சா பாட்டு துண்டு துண்டாத்தான் கேக்கும். இதை நிதானமா ஒரு வாரம் பழகுங்க, அவ்வளவு அழகா ஒட்டும்.

அக்கா மீட்டுற தாளத்தை நீங்களும் அடிக்க வேண்டாம். முதல் அடியில அமுக்கி, அடுத்த கார்டு வர்ற வரைக்கும் பிடிச்சுக்கங்க.

புதுவிரல்:
+3 வச்சு வாசிச்சோம், ஒண்ணா சேர்ந்திருச்சு! ரொம்ப நன்றி அண்ணா. நோட்டுல ஓரிடத்துல டி போட்டு, சாய்கோடு போட்டு, எஃப் ஷார்ப்னு இருக்கே, அது?

கறுப்புவெள்ளை:
வலது கை டி கார்டேதான். இடது கை மட்டும் டி-க்குப் பதிலா எஃப் ஷார்ப். பெரும்பாலும் ஜி-க்கும் ஈ மைனருக்கும் நடுவுலதான் வரும், பாருங்க. அடிக்குரல் ஜி, எஃப் ஷார்ப், ஈன்னு படி இறங்கும். அந்த இடத்துல இடது கை நல்லாக் கேக்கணும்.