ரோபோ கறக்கிறது, பாலில் செல் எண்ணிக்கை ஏறுகிறது. எங்கே பார்ப்பது?

துவாஸ் டெக்னீஷியன்:
வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ரோபோ கைகளைப் பராமரிப்பது என் வேலை. மலேசியாவில் குளுவாங் பக்கம் மாமா ஐம்பது மாடு வைத்திருக்கிறார், எல்லாம் பிரீஷியன் சாஹிவால் கலப்பு. கறக்க ஆள் நிற்பதில்லை என்று பழைய கறவை ரோபோ ஒன்றை வாங்கிப் போட்டார். "நீ ரோபோக்காரன்தானே, வந்து பாருடா" என்கிறார். சனிக்கிழமைகளில் கடற்பாலம் தாண்டிப் போகிறேன்.

கையின் அசைவில் பிழை தெரியவில்லை. ஆனால் டேங்க் பாலில் செல் எண்ணிக்கை, அதாவது மடிநோயைக் காட்டும் உடல் செல்களின் அளவு, ஏறிக்கொண்டே போகிறது. காம்பில் மாட்டிப் பால் உறிஞ்சும் கப், காம்பைத் தேடித் தேடித் தவறவிடுகிறது, மாடு பொறுமை இழந்து உதைக்கிறது. மதியத்தில் மாடுகள் ரோபோ பக்கமே வருவதில்லை. கிருமிநாசினியைக் கூட்டட்டுமா? மாட்டை வரவழைக்க ரோபோவுக்குள் போடும் தீவனத்தைக் கூட்டட்டுமா?

செங்காங் கால்நடை டாக்டர்:
தம்பி, மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் எந்த மாடு, எந்தக் காம்பு என்று கண்டுபிடியுங்கள். நான்கு குழி உள்ள தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பாலைப் பீச்சி, கலிபோர்னியா சோதனைக் கரைசலை ஊற்றிச் சுழற்றுங்கள். கூழ் மாதிரி கெட்டியானால் அந்தக் காம்பில் கோளாறு. ஒரு மாட்டின் பாலில் மில்லிலிட்டருக்கு 2 லட்சம் செல்லுக்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும். ரோபோ பாலின் மின் கடத்துதிறனைக் காம்பு வாரியாக அளந்து எச்சரிக்கை தரும். அதைத் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தனியாக நம்ப வேண்டாம்.

பழைய பண்ணைக்காரன்:
நெதர்லாந்தில் பண்ணை பண்ணையாக இந்த மெஷினை சர்வீஸ் செய்தவன் நான், இப்போது புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறேன். 1992இல் முதல் ரோபோ அங்கேதான் விற்பனைக்கு வந்தது, அந்தக் குளிர் ஊரில். நம் வெக்கையில் அதை ஓட்டும்போது கவனம் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

போனதும் ரோபோவைப் பார்க்காதீர்கள். வரிசையில் நிற்கும் மாட்டின் காலையும் மடியையும் பாருங்கள். ரோபோ காம்பைத்தான் கழுவும். மடியில் அப்பிய சாணத்தைக் கழுவாது, அது கரைந்து காம்பு வழியாக கப்புக்குள் இறங்கும். மதிய சூட்டுக்காக மாமா தண்ணீர் தெளிப்பான் போட்டிருந்தால் அதை முதலில் பாருங்கள். முதுகில் விழும் தண்ணீர் விலா வழியாக ஓடி மடிவரை வந்தால் நோயை நாமே ஊட்டுகிறோம். முதுகு நனைந்ததும் நிறுத்தி, பெரிய காற்றாடியால் உலர விடுங்கள். காத்திருக்கும் இடத்தில் காற்று இருந்தால் மதியத்திலும் மாடு வரும்.

கப் தவறுவதற்கு மடி முடியும் ஒரு முக்கியக் காரணம். முடியை ஒட்ட வெட்டி, வால் நுனியையும் குறைத்துவிடுங்கள். சென்சார் கண்ணாடியைத் தினமும் மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சாணத் தூசு படிந்தால் கை தேடுவது கூடும், அதற்குள் சுரந்த பால் ஏறிக்கொள்ளும்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. கறந்து முடிந்து மருந்து தெளித்ததும் வெள்ளை டிஷ்யூவைக் காம்பைச் சுற்றி அழுத்தி எடுங்கள். ஈரம் முழு வட்டமாக இருக்க வேண்டும். பல இடத்தில் பாதிதான் நனைந்திருக்கும், மெஷின் மட்டும் "தெளித்தேன்" என்று கணக்கு எழுதியிருக்கும். நாசில் அடைப்பு அல்லது கோணம், உங்கள் கைக்கு அது எளிய வேலை.

கறந்த பிறகு காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் மாடு படுத்தால் கிருமி உள்ளே போகும். வெளியே வந்ததும் புதுத் தீவனம் இருந்தால் மாடு நின்று தின்னும், படுக்காது. ரோபோவுக்குள் தீவனத்தைக் கூட்டுவது நான் கடைசியாகச் செய்வது. வெளித்தொட்டியில் சத்து அதிகமாக இருந்தால் உள்ளே என்ன போட்டாலும் வராது. பால் வற்றும் கட்டத்தில் உள்ள மாடு அடிக்கடி நுழைந்தால் அதை மறுபடி கறக்க ரோபோ அனுமதிக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். அந்த நேரம் நல்ல கறவைக்குப் போகட்டும்.

துவாஸ் டெக்னீஷியன்:
அண்ணே, தெளிப்பான் நுழைவாயிலுக்கு நேர் மேலே இருக்கிறது! மாமாவிடம் போனில் கேட்டேன், பகல் முழுக்க ஓடுகிறதாம். சொந்தக் கையால் மாட்டியதாம், கழற்றச் சொன்னால் வருத்தப்படுவார். கப்புக்குள் காம்பைப் பிடிக்கும் ரப்பர் உறையை, அதாவது லைனரை, எப்போது மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை.

பழைய பண்ணைக்காரன்:
கழற்ற வேண்டாம், கொஞ்சம் தள்ளித் தீவனத் தொட்டிப் பக்கம் மாற்றி டைமர் வைத்துக் கொடுங்கள். ஆனால் லைனரை இந்தச் சனிக்கிழமையே மாற்றுங்கள். வெடித்த ரப்பருக்குள் ஒளியும் கிருமிக்கு எந்தக் கழுவலும் எட்டாது. நாளோ மாதமோ பார்க்காதீர்கள், எத்தனை கறவை ஓடியது என்பதுதான் கணக்கு. தயாரிப்பாளர் சொல்லும் எண்ணை எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். அப்படியே கழுவி முடியும்போது திரும்பி வரும் தண்ணீரின் சூட்டையும் அளந்துவிடுங்கள். அது 40 டிகிரிக்குக் கீழே போனால் கரைந்த கொழுப்பு மறுபடி குழாயில் ஒட்டும்.

செங்காங் கால்நடை டாக்டர்:
சோதனையில் மாட்டிய மாடுகளை வரிசையின் கடைசியில் கறக்க ரோபோவில் வழி இல்லை, மாடு தான் நினைத்த நேரத்தில் வரும். ஆகவே அவை கறந்த பிறகு கப்புக்கு நீராவியோ கிருமிநாசினியோ உண்மையில் போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தட்டு முடிவை இங்கே போடுங்கள், சிகிச்சையை அங்குள்ள டாக்டரோடு பேசிக்கொள்ளலாம்.