பின் டிரம் பிரேக்: கேபிளை இறுக்கியும் பெடல் கீழேதான் போகிறது

ஞாயிறு மெக்கானிக்:
எட்டு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இழுத்தால் 'டக் டக்' என்று ஐந்தாறு பல்லில் நின்றுகொண்டிருந்த ஹேண்ட் பிரேக், பத்துப் பல் தாண்டினால்தான் பிடிக்கிறது. லிவருக்கு அடியில் இருக்கும் நட்டை முறுக்கி கேபிளை இறுக்கினேன். ஹேண்ட் பிரேக் சரியாகிவிட்டது, ஆனால் பெடல் பழையபடி பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலேயே நிற்கிறது. நேற்று ஓட்டிவிட்டு இறங்கினால் இடது பின் சக்கரத்தில் அனல் அடிக்கிறது. பிரேக் ஆயில் குறையவில்லை. முன் பேட் ஒரு முறை மாற்றியிருக்கிறேன், டிரம்மைத் தொட்டதே இல்லை. வீட்டில் செய்யலாமா?

வேகன்:
பிரேக் ஆயில் குழாயில் ஏர் புகுந்திருக்கும். பிளீட் பண்ணி அதை வெளியே எடுத்துப் பாருங்கள்.

கிரீஸ் கை:
ஏர் இருந்தாலும் இரண்டாவது மிதியில் பெடல் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் காலுக்குப் பஞ்சு மாதிரி அமுங்கும். தம்பி, உங்களுக்கு மேலே ஏறி கெட்டியாக நிற்கிறதா? அப்படியானால் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ தேய்ந்து, டிரம்மை விட்டுத் தள்ளிப்போயிருக்கிறது. முதல் மிதி அந்த இடைவெளியை அடைக்கவே போய்விடுகிறது.

கேபிளை முறுக்கியதுதான் தப்பு. நானும் முதல் வண்டியில் இதையே செய்து ஷூமேல் உரசுவதற்கென்று ஒட்டியிருக்கும் லைனிங் ஒரு செட்டைக் கருக்கியவன். கேபிளை இழுத்துக் கட்டினால் ஷூ தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாது, தேயத் தேய ஷூவை டிரம்முக்கு அருகில் தள்ளும் தானியங்கி அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது. சூடு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். முதலில் அந்த நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். ஷூவைச் சரிசெய்த பிறகுதான் கேபிள்.

சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கி வைத்துத்தான் வேலை, அதனால் வண்டி உருள அந்தக் கட்டையைத் தவிரத் தடை இல்லை. ஜாக்கியை நம்பி உட்காராதீர்கள், ஸ்டாண்ட் வைக்க வேண்டும்.

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ஒரு சிறு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கி டார்ச் அடித்தால் அட்ஜஸ்டரின் பல்சக்கரம் தெரியும். ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளுங்கள். கையால் சுற்ற முடியாதபடி சக்கரம் இறுகியதும் பெடலை இரண்டு மூன்று முறை மிதியுங்கள். ஷூ நடுவில் உட்கார்ந்து சக்கரம் மறுபடி லேசாகும். திரும்பவும் இறுக்கி, பிறகு லேசாக 'சர்' என்று உரசும் அளவுக்குப் பின்வாங்குங்கள். பின்வாங்கும்போது பல்லைப் பிடித்திருக்கும் குட்டி லிவரை இன்னொரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் தள்ளிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் மழுங்கிவிடும். சில வண்டிகளில் அந்த ஓட்டையே இருக்காது, டிரம்மைக் கழற்றத்தான் வேண்டும்.

உண்மையில் நீங்கள் எப்படியும் கழற்றிவிடுங்கள். அட்ஜஸ்டர் ஏன் தானாக வேலை செய்யவில்லை என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

ஞாயிறு மெக்கானிக்:
கெட்டியாகத்தான் நிற்கிறது அண்ணே. இடது டிரம் அரை மணி நேரமாக அசையவில்லை. சுத்தியல் எடுக்கலாமா?

கிரீஸ் கை:
பொறுங்கள். டிரம் முகத்தில் மரையோடு இரண்டு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். பொருந்துகிற போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் தானாக வெளியே தள்ளும். அப்படியும் வராவிட்டால் டிரம்மின் உள்விளிம்பில் தேய்மான மேடு விழுந்து ஷூ அதில் மாட்டியிருக்கும். பல்சக்கரத்தைத் தளர்த்திவிட்டு இழுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

மேஜை விளக்கு:
தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். இன்னொன்று, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே என்று குழம்பினால் போய்ப் பார்க்க ஒன்று வேண்டும். பல வண்டிகளில் இடது, வலது அட்ஜஸ்டரின் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். மாற்றிப் போட்டால் பிரேக் இறுகுவதற்குப் பதில் தளரும்.

ஞாயிறு மெக்கானிக்:
முடிந்தது. இடது அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. வலது நன்றாகச் சுற்றுகிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரையில் சூடு தாங்கும் கிரீஸை லேசாகத் தடவினேன். வீல் சிலிண்டர் ரப்பருக்குள் ஈரம் இல்லை, லைனிங் போதுமான அளவு இருக்கிறது. கேபிளைக் கடைசியில் செட் பண்ணினேன், ஆறு பல்லில் நிற்கிறது. பெடலும் மேலே வந்துவிட்டது. வலது சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது, இடது மட்டும் ஒரு சுற்றில் ஒரே இடத்தில் உரசுகிறது. விட்டுவிடலாமா?

கிரீஸ் கை:
டிரம் கொஞ்சம் கோணியிருந்தால் அப்படி உரசும். ஒரு கையால் சுலபமாகச் சுற்ற முடிந்தால் பரவாயில்லை. ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு ரிம்மிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். இடதில் அதிகமாக இருந்தால் பல்சக்கரத்தை இரண்டு பல் பின்வாங்குங்கள்.