வகுப்பில் கோபத்தை அடக்க முடியாத மாணவனை எப்படிக் கையாள்வது?

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
வணக்கம். தரம் 10 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் கணிதத்தில் கெட்டிக்காரனான ஒரு மாணவன், கரும்பலகையில் தான் செய்த கணக்கை மற்றவர்கள் முன் திருத்தினால், கொப்பியை எறிந்து, அருகில் நிற்பவனைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடுகிறான். ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்பும்படி சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மனவெழுச்சி நுண்ணறிவை, அதாவது தன் உணர்வுகளையும் பிறர் உணர்வுகளையும் அறிந்து கையாளும் திறனை, வளர்த்தால் இத்தகைய நடத்தை உண்மையிலேயே குறையுமா?

ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், தெஹிவளை:
குறையும், டீச்சர். 213 பாடசாலைத் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், இத்திறன்களைக் கற்ற பிள்ளைகளிடம் நடத்தைப் பிரச்சினைகள் குறைந்ததோடு பரீட்சைப் பெறுபேறுகளும் உயர்ந்திருந்தன. ஆனால் 1990இல் உளவியலாளர்களான சலோவேயும் மேயரும் மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தை முன்வைத்தபோது, உணர்வை இனங்காண்பதையே அடிப்படையாகக் கொண்டார்கள்; நாமோ அந்தப் படியைத் தாண்டி, "அடக்கிக்கொள்" என்று தொடங்கிவிடுகிறோம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவனுக்கு முதலில் வருவது வெட்கம் என்றே தோன்றுகிறது. அந்த நேரத்தில் எந்தப் புத்திமதியும் ஏறாது. உந்துதலைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபது வயதுக்குப் பின்னரும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் குடித்துவர அனுப்பிவிட்டு, இடைவேளையில் தனியாக, "எறிவதற்குச் சற்று முன் உடம்பில் என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். காது சூடானது, தொண்டை அடைத்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அடுத்த முறை கொப்பி கையைவிட்டுப் போகுமுன் ஒரு கணம் கிடைக்கும். பிழையையும் கொப்பியிலேயே திருத்திக் கொடுங்கள்.

வெள்ளவத்தை அம்மா:
என் மகனும் இந்த வயதுதான். பாடசாலை விட்டதும் டியூஷன், இரவு எட்டு மணிக்கு வீடு, வாசலிலேயே "எத்தனை புள்ளி?" என்ற கேள்வி. பிழை விடுவதே அவமானம் என்று நாங்களே பழக்கியிருக்கும்போது, பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது நியாயமாகப் படவில்லை. பெற்றோரையும் அழைத்துப் பேசுங்கள்.

ஓய்வுபெற்ற பிரதி அதிபர்:
இரண்டு கருத்துகளையும் ஏற்கிறேன். ஆயினும் தள்ளப்பட்ட பிள்ளையைப் பற்றி இங்கு எவரும் பேசவில்லை. கோபம் தணிந்த பின் அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்கச் செய்வதும், அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கச் செய்வதும் கட்டாயம். பிறர் வேதனையை உணர்வதும் இந்த நுண்ணறிவில் அடங்கியதே. கோபப்படும் மாணவன் தன்னையே காயப்படுத்துவதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. ஒழுக்காற்றுக் குழுவுக்கு எழுதுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தாயாரை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் தள்ளப்பட்ட மாணவனோடு பேசுவேன்.