அப்பாவின் மணிக்கூடு சர்வீஸ் செய்தும் பிந்துகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லடியில் இருக்கிறேன். அப்பா விட்டுப்போன சுவிஸ் ஆட்டோமேட்டிக் மணிக்கூட்டை, கொழும்பு முகவர் மூலம் அதைத் தயாரித்த கம்பெனிக்கே சர்வீசுக்கு அனுப்பினேன். ஏழு மாதம் காத்திருந்து போன கிழமைதான் கைக்கு வந்தது.

அனுப்பும்போது நாளுக்கு 5 செக்கன் முந்தியது. இப்போது 25 செக்கன் பிந்துகிறது. துல்லியமாக ஓடும் மணிக்கூடுகளுக்குக் கொடுக்கும் சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்கு நாளுக்குச் சராசரியாக 4 செக்கன் பிந்தலாம், 6 செக்கன் முந்தலாம், அவ்வளவுதான். காந்தம் ஏறினால் பெரும்பாலும் முந்தும், ஆகவே அதுவும் இல்லைபோல. வாவிக்கரையில் மழையில் நனைந்த அன்று கண்ணாடிக்குள் ஆவி வேறு படிந்தது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை மாற்றியதாக பில்லில் இருக்கிறது!

மனம் ஆறாதது வேறொன்றுக்கு. பொலிஷ் பண்ண வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். பட்டி பூட்டும் காதுகளின் கூர்விளிம்பு உருண்டுவிட்டது. அப்பா கட்டிக்கொண்டு வேலை செய்த காலத்துக் கீறல்கள் ஒன்றுகூட இல்லை.

முகவர், சோதித்துத்தான் அனுப்பினார்கள் என்கிறார். மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் டைம்கிராஃபர் (டிக் டிக் சத்தத்தைக் கேட்டு மணிக்கூடு எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று அளக்கும் கருவி) வைத்திருப்பவர் யாரும் இருக்கிறார்களா? மூடியைத் திறக்காமல் அளந்து தந்தால் போதும், திறந்தால் உத்தரவாதத்துக்குச் சிக்கல் வரும். கம்பெனிக்கு நேரடியாக முறைப்பாடு எழுதி, மறுபடி இலவசமாகச் செய்வித்தவர்கள் என்ன எழுதினீர்கள் என்றும் சொல்லுங்கள்.