ரீகம்போஸ் செய்தால் படத்தில் கண் மங்குகிறது, வழி சொல்லுங்கள்

பாம்பனில் வலை பின்னும் மீனவர்களைப் படம் எடுக்கிறேன். ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ், தூரம் ஒன்றரை மீட்டர். நடுப்புள்ளியில் கண்ணுக்கு ஃபோகஸ் பிடித்து கேமராவைத் திருப்பி முகத்தை ஓரத்துக்குத் தள்ளினால் (இதுதான் ரீகம்போஸ்) கண் மங்குகிறது. காதுக்குப் பின்னால் தொங்கும் வலை முடிச்சுதான் பளிச்சென்று விழுகிறது. போன மாதம் லென்ஸ் வாங்கியதிலிருந்து இதே கதை.

நடுவிலேயே வைத்து எடுத்தால் கச்சிதம். கேமராவை 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் 5 செ.மீ. பின்னுக்குப் போகும், சரி. ஆனால் விலகல் அதைவிட அதிகம். தனுஷ்கோடி மணல்பரப்பைக் கேமராவைத் தாழ்வாக வைத்து எடுத்தேன்: கூர்மையான பட்டை இரு ஓரத்திலும் கேமராவை விட்டு விலகி வளைகிறது. லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 4 வைத்தால் சரியாகிறது, ஆனால் பின்னணி போதிய அளவு மங்காமல் கெடுகிறது. லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து ஃபோகஸ் பிடித்தாலும் துல்லியம்தான், ஆனால் அந்த வெயிலில் திரையில் என்ன தெரியும்? ஃபோகஸ் புள்ளிகளோ எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கின்றன.

வியூஃபைண்டரில் பார்த்தே, எஃப் 1.4-இலேயே இந்த வளைவைச் சமாளிப்பது எப்படி?